பழைய ரீப்போ வாங்கும் முன் ஒருமுறை தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள்

1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்த எங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது, விறாந்தையில் அம்மாவின் ரீப்போ இருந்தது. அதன் மேல் பாதி குடித்த தேத்தண்ணிக் கோப்பை ஒன்றும் இருந்தது. இரண்டு மூன்று நாட்களில் திரும்பி விடலாம் என்றுதான் நினைத்தோம். காணி விடுபட்டது 2017 இல். இருபத்தேழு வருடங்களுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை, யன்னல்கள் இல்லை. சுவர்களில் பாதி நின்றது. ரீப்போவைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசுவதற்கு அதைவிடப் பெரிய இழப்புகள் இருந்தன.

பிறகு அந்த இடத்திலேயே சிறிய வீடு ஒன்று கட்டினோம். இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு ஹோல். போன வருடம் கனடாவிலிருந்து தம்பி தொலைபேசி எடுத்தான்.

“அக்கா, ஹோலுக்கு அம்மாவின்ரை ரீப்போ மாதிரி ஒரு பழைய கோப்பி மேசை பாருங்கோ. காசு நான் அனுப்புறன். புதுசு வேண்டாம்.”

லேசான வேலை என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் எடுத்தது. பழைய சாமான் கடைகள், தளபாடத் திருத்தகங்கள், வீடு இடிக்கும் இடங்கள் என்று அலைந்தேன். எங்களுக்கு நிலை, கதவு செய்து தந்த ஓடாவியார் பல இடங்களுக்குக் கூட வந்தார். அவரிடம் கற்றதும், ஏமாறப் பார்த்துத் தப்பியதும், வாசித்து அறிந்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. மீள்குடியேறிய வீட்டுக்கோ வெளிநாட்டு வீட்டுக்கோ பழைய மேசை ஒன்றைத் தேடுபவர்களுக்கு இது உதவும்.

ரீப்போ என்ற பெயர்

‘ரீ’ என்பதால் அது தேநீரோடு வந்த சொல் என்றே நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ‘தீன்’ என்றால் ஹிந்தியில் மூன்று. ‘பாய்’ என்றால் பாரசீகத்தில் கால். இரண்டும் சேர்ந்த ‘திபாய்’ என்பதற்கு மூன்று கால் உடையது என்று பொருள். நம்முடைய ‘முக்காலி’யும் அதேதான். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றினார்கள். தேநீர் என்ற சொல்லின் ஒலி அதில் இருந்ததால், பின்னர் தேயிலை வைக்கும் காலுள்ள பெட்டிக்கும் இங்கிலாந்தில் அந்தப் பெயரை வைத்தார்கள். எங்கள் வீடுகளில் நான்கு கால் இருந்தாலும் ரீப்போதான். வந்தவருக்குத் தேத்தண்ணி வைக்க, வெற்றிலைத் தட்டம் வைக்க, பேப்பர் போட, சாமி படத்துக்கு முன் பூத்தட்டு வைக்க என்று எல்லாவற்றுக்கும் அதுவே.

கடைக்காரர்கள் பழையது எல்லாவற்றையும் ‘அன்ரிக்’ என்பார்கள். வியாபார வழக்கில் 100 வருடம் கடந்ததற்குத்தான் அந்தப் பெயர். அதற்குக் குறைந்த, ஆனால் ஒரு காலத்தின் அடையாளம் தெரிகிற பொருட்களை ‘விண்டேஜ்’ என்பார்கள். 1950கள், 60களில் எங்கள் பெற்றோர் கலியாணத்துக்குச் செய்வித்த தளபாடங்கள் இந்த இரண்டாவது வகை. அதில் குறைவு ஒன்றும் இல்லை. வீட்டில் வைத்துப் பாவிக்க அதுவே பெரும்பாலும் நல்லது.

உயரம் சொல்லும் உண்மை

முதல் கடையில் எனக்குக் காட்டப்பட்டது ‘ஒல்லாந்தர் காலத்துக் கோப்பி மேசை’. கடைந்த தடித்த கால்கள், கறுத்த மரம், பதினாறு அங்குல உயரம். பார்க்க மிக அழகு. ஓடாவியார் ஒன்றும் பேசாமல் அதைத் தூக்கித் தலைகீழாக வைத்தார். காலின் அடியில் கையால் தடவினார். வெளிப்பக்கம் கறுப்பாக இருக்க, அடிப்பக்கம் மட்டும் வெளிறிய நிறத்தில் இருந்தது. கடைசலின் குமிழ் ஒன்று பாதியில் நின்றது.

“தங்கச்சி, இது சாப்பாட்டு மேசை. காலை வெட்டியிருக்கினம்.”

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658 இல். ஆங்கிலேயரிடம் இழந்தது 1795 இல். அந்தக் காலத்தில் முழங்காலுக்குக் கீழே நிற்கும் கோப்பி மேசை என்ற ஒன்று வழக்கில் இல்லை. ஐரோப்பிய வீடுகளில் சாய்விருக்கைக்கு அருகில் வைத்த மேசைகள் எழுதுமேசை அளவு உயரமானவை. ஏறத்தாழ 27, 28 அங்குலம். தாழ்ந்த கோப்பி மேசை பரவலானது 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். ஆகவே பதினாறு, பதினெட்டு அங்குல உயரத்தில் ‘ஒல்லாந்தர் காலத்து’ மேசை என்று ஒருவர் விற்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். உயர்ந்த மேசையின் கால் வெட்டப்பட்டிருக்கும். பழைய கதவு, யன்னல் பலகையில் புதிதாகச் செய்யப்பட்டிருக்கும். அல்லது முழுக்கப் புதிதாகச் செய்து நிறம் ஏற்றப்பட்டிருக்கும்.

பழைய கதவில் செய்த மேசை வாங்குவது தவறல்ல. சில நல்ல உறுதியானவை. ஆனால் கதவில் செய்த மேசையின் விலைக்கு அதை வாங்க வேண்டும். ஒல்லாந்தர் பெயருக்கு விலை கொடுக்கத் தேவையில்லை. பிணைச்சல் இருந்த இடத்துப் பள்ளம், பூட்டுத் துவாரத்தை அடைத்த மரத்துண்டு, தாழ்ப்பாள் தேய்த்த தடம் ஆகியவை கதவின் சாட்சிகள்.

உங்கள் ஹோலுக்கு எந்த அளவு

கடைக்குப் போகும் முன் வீட்டை அளவுங்கள். இந்திய வீட்டுத்திட்ட வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி. அந்த ஹோலில் நான்கு கதிரையும் ஒரு மேசையும் வைத்தால் நடக்க இடம் வேண்டும். எங்களுக்கு உதவிய கணக்கு இது.

கதிரையின் இருக்கை உயரத்தை அளவுங்கள். பெரும்பாலும் பதினாறு தொடக்கம் பதினெட்டு அங்குலம் வரும். நடுவில் வைக்கும் தாழ்ந்த மேசை அதே உயரமாகவோ ஒன்றிரண்டு அங்குலம் குறைவாகவோ இருப்பது வசதி. கதிரைக்குப் பக்கத்தில் வைப்பதென்றால் கைபிடி உயரத்துக்கு, அதாவது 22 தொடக்கம் 25 அங்குலம் வரை இருக்கலாம். நீண்ட சோபாவுக்கு முன் வைப்பதென்றால் மேசை சோபாவின் மூன்றில் இரண்டு பங்கு நீளம் போதும். சோபாவுக்கும் மேசைக்கும் இடையில் ஒன்றரை அடி விடுங்கள். மனிதர் நடக்கும் வழியில் குறைந்தது இரண்டரை அடி விடுங்கள். தரையில் பழைய பேப்பரை மேசையின் அளவுக்கு வெட்டி விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். இடம் போதுமா என்பது தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் இன்னொரு கணக்கும் இருந்தது. 2009 இல் என் கணவர் ஒரு காலை இழந்தார். செயற்கைக் காலுடன் நடக்கிறார். ஹோலின் நடுவில் தாழ்ந்த மேசை கிடந்தால் அவருக்கு அது தடுக்கும் பொருள். இரவில் எழும்பினால் கண்ணில் படாது. சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ பாவிப்பவர், பார்வை குறைந்தவர், தவழும் பிள்ளை இருக்கும் வீடுகளிலும் இதே பிரச்சினைதான். அப்படியான வீட்டுக்கு மூன்று விடயங்களைச் சொல்வேன். சக்கர நாற்காலிக்கு மூன்று அடி வழி விடுங்கள். கூர் மூலை இல்லாத வட்ட மேசை பாருங்கள். நடுவில் வைக்கும் தாழ்ந்த மேசையை விட, சுவரோரம் அல்லது கதிரைக்குப் பக்கத்தில் வைக்கும் உயர்ந்த பழைய ரீப்போ பாதுகாப்பானது.

யாராவது எழும்பும்போது மேசையைப் பிடிப்பார்களா என்றும் யோசியுங்கள். நடுவில் ஒற்றைத் தண்டும் கீழே மூன்று பாதமும் உள்ள மேசையின் ஓரத்தில் பாரம் வைத்தால் அது சரியும். பிடிப்பதற்கென்றால் நான்கு கால், கீழே குறுக்குச் சட்டம், நல்ல பாரம் மூன்றும் வேண்டும்.

என்ன மரம்

பழைய ரீப்போக்களில் அடிக்கடி காணும் மரங்களைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

முதிரை: வன்னிக் காட்டின் மரம். மஞ்சள் கலந்த பொன்னிறம். வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் பட்டுத் துணி போல மினுங்கும். மிகவும் பாரமானது. சிறிய ரீப்போவைக்கூட ஒரு கையால் தூக்கக் கஷ்டம். பாரமில்லாத ‘முதிரை’ முதிரையல்ல.

பலா: புதிதில் மஞ்சள். வருடங்கள் போகப் போக மண்ணிறமாக இருளும். அதனால் மேற்புறம் கறுத்தும், பலகையின் மறைந்த பக்கம் மஞ்சளாகவும் இருக்கும். பழையது என்பதற்கு இது நல்ல அறிகுறி.

தேக்கு: இது எங்கள் காட்டு மரமல்ல. ஒல்லாந்தர் கொண்டுவந்து நட்டது. மறைவான இடத்தில் சிறிது சுரண்டினால் எண்ணெய்ப் பசையும், தோலைப் போன்ற ஒரு வாசமும் வரும். கறையான் எளிதில் தீண்டாது.

கருங்காலி: தண்ணீரில் போட்டால் தாழும் அளவுக்குப் பாரம். கறுப்புச் சாயம் பூசிய வேறு மரங்களைக் கருங்காலி என்று விற்பதுண்டு. அடிப்பக்கத்தில் சிறிது சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். உள்ளேயும் கறுப்பாக இருக்க வேண்டும்.

மகோகனி: செம்மண்ணிறம். நடுத்தரப் பாரம். இன்று புதிய தளபாடங்களில் பெரிதும் பாவிக்கப்படுவதும் இதுதான். ஆகவே மகோகனி மேசையின் வயதை மரத்தை வைத்துச் சொல்ல முடியாது. பொருத்துகளைத்தான் பார்க்க வேண்டும்.

வேம்பு: சிவப்புச் சாயல். கசப்புக் காரணமாகப் பூச்சி குறைவு. ஊர் ஓடாவிமார் செய்த எளிய ரீப்போக்களில் காணலாம். விலையும் குறைவு. தம்பி அனுப்பிய காசு இல்லையென்றால் நான் வேம்பில்தான் தேடியிருப்பேன்.

தலைகீழாகப் புரட்டினால்

மேற்புறத்தைப் பொலிஷ் மறைக்கும். மேசையின் உண்மையான வயது அடிப்பக்கத்தில் இருக்கிறது. கையில் ஒரு ரோச் லைற்றும் அளவு நாடாவும் கொண்டு போங்கள்.

முதலில் பொருத்துகள். நல்ல பழைய வேலையில் காலும் சட்டமும் துளையும் கழுந்துமாகப் பொருந்தி, மர ஆணி அடித்து இறுக்கப்பட்டிருக்கும். இலாச்சி இருந்தால் அதை வெளியே இழுத்து மூலையைப் பாருங்கள். புறாவின் வால் போல விரிந்த பொருத்துகள் இருந்தால் நல்லது. அவை ஒன்றுக்கொன்று சிறிது வித்தியாசமாக இருந்தால் கையால் வெட்டியவை. எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் இயந்திரத்தில் வெட்டியவை.

அடுத்தது ஆணிகள். இன்று நாம் பாவிக்கும் உருண்டைக் கம்பி ஆணி 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலானது. தலையில் சிலுவைக் குறி வெட்டிய திருகாணி 1930களில் சந்தைக்கு வந்தது. ‘இருநூறு வருட மேசை’யில் அந்தத் திருகாணி இருந்தால், ஒன்றில் பின்னர் திருத்தியிருக்கிறார்கள், அல்லது கதை பொய். திருகாணியைச் சுற்றி வேறு பழைய துவாரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது திருத்தம். ஒரு திருத்தம் இருப்பதால் மேசையை ஒதுக்க வேண்டாம். விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

மூன்றாவது வாள் தடம். நேர்கோட்டுத் தடங்கள் கைவாளால் அறுத்ததைக் காட்டும். பிறை போல வளைந்த தடங்கள் வட்டவாளினுடையவை. ஆனால் எங்கள் பகுதிகளில் இருவர் நின்று வாள் இழுத்துப் பலகை அறுப்பது மிக அண்மைக்காலம் வரை இருந்தது. ஆகவே நேர்த்தடம் மட்டும் இருந்தால் மேசை மிகப் பழையது என்று முடிவு கட்ட வேண்டாம்.

நான்காவது, வட்ட மேசை என்றால் குறுக்கும் நெடுக்குமாக அளவுங்கள். மரம் காயும்போது நார் ஓடும் திசையில் பெரிதாகச் சுருங்காது. அதற்குக் குறுக்காகத்தான் சுருங்கும். ஆகவே பல பத்தாண்டுகள் கண்ட வட்டப் பலகை ஒரு பக்கம் சில மில்லிமீற்றராவது குறைந்திருக்கும். இரு பக்கமும் மயிரிழை பிசகாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஐந்தாவது, தேய்மானம். கால் வைக்கும் குறுக்குச் சட்டம், கை படும் ஓரம், தரையில் இழுபடும் பாதம் ஆகியவையே இயல்பாகத் தேயும் இடங்கள். யாருடைய கையும் காலும் படாத இடத்தில் சங்கிலியால் அடித்தது போன்ற காயங்கள் இருந்தால் அது செயற்கை முதுமை.

ஆறாவது, அடிப்பக்கம் புதிதாகத் தேய்த்துச் சுத்தமாக்கப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அடிப்பக்கத்தை வீணாக யாரும் தேய்ப்பதில்லை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உளுப்பும் சன்னமும்

மரத்தில் குண்டூசித் தலை அளவு துவாரங்கள் இருந்தால் வண்டு துளைத்தது. கேள்வி என்னவென்றால், அது பழைய காயமா, உள்ளே இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதுதான். மேசைக்குக் கீழே கறுப்புத் துணியோ கடதாசியோ விரித்து, மேசையை மெல்லத் தட்டி, இரண்டு மூன்று நாள் விட்டு விடுங்கள். வெளிறிய புதுத் தூள் விழுந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. அப்படியானதை மற்றத் தளபாடங்களுக்கு அருகில் வைக்க வேண்டாம். கறையான் வேறு விதம். மேலே நன்றாக இருக்கும், உள்ளே வெறுமையாக இருக்கும். விரலால் தட்டினால் பொத்தல் சத்தம் கேட்கும். காலின் அடியை ஒரு ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி மெத்தையில் போவது போலப் போனால் விட்டு விடுங்கள்.

வடக்குக் கிழக்கில் மரம் வாங்குபவர்கள் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. செல் துண்டுகளும் சன்னங்களும் மரத்துக்குள் இருக்கலாம். வீட்டுத் தளபாடம், கதவு, நிலை, தோட்டத்து மரம் எதற்கும் இது பொருந்தும். ஓடாவியார் ஒருமுறை பழைய நிலை ஒன்றைச் சீவியபோது சீவுளியின் அலகு உடைந்ததாம். மரக்காலையில் வாள் உடைந்தால் இன்னும் ஆபத்து. மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேரும்போது நீலம் கலந்த கறுப்புக் கறை உண்டாகும். அத்தகைய கறை காரணமில்லாமல் நடுப்பலகையில் தெரிந்தால் அங்கே காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். பிடித்தால் உள்ளே இரும்பு இருக்கிறது. வீட்டு மேசையாக வைத்திருக்க அதனால் தீங்கில்லை. ஆனால் சீவுவதற்கு, அறுப்பதற்கு முன் வேலை செய்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத பகுதிகளிலுள்ள பாழ் வீடுகளில் எதையும் எடுக்கப் போக வேண்டாம். ஒரு மேசைக்காக இன்னொரு காலை இழக்கத் தேவையில்லை.

பொலிஷைக் காப்பாற்றுங்கள்

பழைய ரீப்போக்களில் பெரும்பாலும் இருப்பது அரக்கும் ஸ்பிரிற்றும் கலந்து துணியால் தேய்த்த பிரெஞ்சுப் பொலிஷ். மறைவான இடத்தில் பஞ்சில் சிறிது ஸ்பிரிற் நனைத்து வைத்தால் அது ஒட்டும் பசையாகும். புதிய வார்னிஷ் அப்படி இளகாது. அரக்குப் பொலிஷுக்குச் சூடும் ஈரமும் பகை. சுடு கோப்பையை நேரே வைத்தால் வெள்ளை வளையம் விழும். அம்மா பின்னல் விரிப்புப் போட்டு, அதற்கு மேல் கண்ணாடி போட்டு, கண்ணாடிக்குக் கீழே எங்கள் படங்களை வைத்திருந்தது வெறும் அழகுக்காக அல்ல என்று இப்போது விளங்குகிறது.

வாங்கியவுடன் சுரண்டிப் புதிதாக்க வேண்டாம். முதலில் மெல்லிய ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, கொஞ்சம் மெழுகு போட்டுப் பாருங்கள். அதிலேயே பல மேசைகள் உயிர் பெறும். பழைய பெயின்ற் அடித்த மேசை என்றால் அதை உலர்வாகத் தேய்க்க வேண்டாம். முந்தைய காலப் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூள் சிறு பிள்ளைகளுக்கு மிகவும் கூடாது.

இது யாருடைய மேசை?

இரண்டாவது மாதத்தில்தான் அந்த ரீப்போவைக் கண்டேன். நகரத்துக்கு வெளியே ஒரு பழைய சாமான் கடை. தகரக் கொட்டிலின் மூலையில், உடைந்த தையல் மெசின் ஒன்றின் கீழே கிடந்தது. முதிரை. 24 அங்குல உயரம். நான்கு கால், கீழே குறுக்குச் சட்டம், எல்லாம் துளையும் கழுந்தும். ஒரு திருகாணி கூட இல்லை. ஓடாவியார் புரட்டினார். சில நொடி பேசவில்லை. பிறகு ரோச் லைற்றை என்னிடம் தந்தார்.

அடியில் வெள்ளைப் பெயின்றால் இரண்டு எழுத்துகள். பக்கத்தில் 4 என்ற இலக்கம்.

எங்கள் ஊர்களில் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கதிரை, மேசை, வாங்கு எல்லாம் அயலிலிருந்துதான் வரும். காரியம் முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது மாறாமல் இருக்க அடியில் பெயரின் முதலெழுத்தை எழுதுவார்கள். அண்டா, கிடாரத்தில் பெயர் வெட்டுவது போலத்தான். ஆகவே இந்த ரீப்போ ஒரு வீட்டின் நான்காவது பொருள். அயலுக்குக் கொடுத்துத் திரும்பி வந்த பொருள்.

கடைக்காரரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“அம்மா, இது வன்னியால வந்த சாமான். இரும்பு, தகரத்தோட சேர்த்து லொறியில வந்தது. கன வருசம். ஆற்றையெண்டு கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?”

அன்று வாங்காமல் வந்தேன். இரவு நித்திரை வரவில்லை. 1990 இல் வலி வடக்கு, அதே ஆண்டு ஐப்பசியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் வீடுகள், 1995 இல் வலிகாமம் முழுவதும், 2008, 2009 இல் வன்னி. ஒவ்வொரு தடவையும் வீடுகள் சாமான்களோடு திறந்து கிடந்தன. அந்தச் சாமான்கள் எங்கோ போயின. இன்று எங்கள் மாவட்டங்களில் ‘பழைய தளபாடம்’ என்று விற்கப்படுவதில் ஒரு பங்கு அங்கிருந்து வந்ததுதான். அம்மாவின் ரீப்போவும் இப்படி ஏதோ ஒரு கொட்டிலில் கிடந்து யாரோ விலை பேசியிருப்பார்கள்.

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை என்னிடம் இல்லை. நான் செய்ததைச் சொல்கிறேன். கடைக்காரரிடம் சிறு முற்பணம் கொடுத்து ஒரு மாதம் வைத்திருக்கச் சொன்னேன். எழுத்துகளைப் படமெடுத்து, வன்னியிலுள்ள உறவினருக்கும் தெரிந்த ஆசிரியர்களுக்கும் அனுப்பினேன். எழுத்து என்ன என்று பொதுவில் எழுதவில்லை. மேசையின் அளவையும் மரத்தையும் மட்டும் சொல்லி, அடியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். உண்மையான உரியவருக்கு அது தெரியும். இரண்டு பேர் அழைத்தார்கள். இருவர் சொன்ன எழுத்தும் பொருந்தவில்லை. ஒருவர், ஒரு வயதான அம்மா, பொருந்தவில்லை என்று தெரிந்த பிறகும் தன் வீட்டிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக அரை மணித்தியாலம் சொல்லிக்கொண்டிருந்தா. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாதம் முடிந்தது. என் கணவர் சொன்னார்: “நாங்கள் விட்டிட்டு வந்ததும் ஆரோ ஒருத்தரின்ரை வீட்டில இருக்கும். அவை அதை நல்லா வைச்சிருந்தால் காணும்.”

வாங்கினேன். ரசீதில் திகதியும் எங்கிருந்து வந்தது என்று அவர் சொன்னதையும் எழுதுவித்தேன். ஓடாவியாரிடம் மேலே மெழுகு போட்டால் போதும், அடியைத் தொட வேண்டாம் என்றேன். அவர் தொட்டிருக்கவும் மாட்டார். உரியவர் என்று யாராவது வந்து அந்த எழுத்தைச் சொன்னால், கொடுப்பதென்று வீட்டில் மூவரும் பேசி முடிவெடுத்தோம்.

அடிப்பக்கம் தேய்க்கப்பட்ட மேசையைச் சந்தேகிக்கச் சொன்னது இதற்காகத்தான். சில வேளை அங்கே அழிக்கப்பட்டது ஒருவருடைய பெயர்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு

தம்பிக்கு முதலில் அந்த ஆசையும் இருந்தது. இரண்டு காரணத்துக்காக மறித்தேன். முதலாவது சட்டம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துகள் சட்டத்தின்படி, கலாசாரச் சொத்தாகக் கருதப்படும் பொருட்களை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். பழைய தளபாடம் எதுவானாலும், காசு கொடுக்கும் முன்பே நான்கு பக்கப் படமும் அளவும் எடுத்துத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் மறித்த பிறகு கேட்பதில் பயனில்லை.

இரண்டாவது காலநிலை. எங்கள் ஈரக் காற்றில் நூறு வருடம் இருந்த மரம், பனிக்காலத்தில் சூடாக்கிய உலர்ந்த வீட்டுக்குள் போனால் திடீரென்று சுருங்கும். பலகை வெடிக்கும், பொருத்து இளகும். அப்படியும் கொண்டுபோனால் சூடு வரும் இடத்துக்கு அருகில் வைக்க வேண்டாம். அறையின் ஈரப்பதத்தைக் கவனியுங்கள்.

கடைசியாக ஒன்று

ரீப்போ வந்த அன்று தம்பியை வீடியோவில் அழைத்துக் காட்டினேன். மேலே பார்த்தான், நல்லம் என்றான். பிறகு, “அக்கா, அடியைக் காட்டுங்கோ” என்றான். காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அம்மாவின்ரையில என்ன எழுதியிருந்தது?”

எனக்கு நிறம் மட்டும் ஞாபகம். சிவப்புப் பெயின்ற். அப்பப்பா எழுதியது. எழுத்து அப்பப்பாவின் பெயரா, அப்பாவின் பெயரா என்று தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. கேட்பதற்கு அம்மா இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய மேசை வாங்குங்கள் அல்லது வாங்காமல் விடுங்கள். ஆனால் விட்டுவிட்டு வந்த வீட்டில் என்னென்ன இருந்தது, எந்த மரம், எங்கே வெடிப்பு, அடியில் என்ன எழுத்து என்று வீட்டிலுள்ள முதியவர்களிடம் இப்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். யாராவது ஒருநாள் அடியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், சொல்வதற்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.